தேவாலயப் பாடகர் குழுவும் சபையின் குரலும்

தேவாலய வழிபாட்டிற் பாடகர் குழுவுக்குரிய இடம் யாது என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவோர்க்கு இசை பற்றிய ஒரு சிறு வினாவாகவே தோன்றும். ஓர்கன் வேண்டுமா, மிருதங்கம் வேண்டுமா, ஞானப்பாட்டா கீர்த்தனையா என்றவாறே அதுபற்றிய விவாதங்கள் பெரும்பாலும் நிகழ்ந்துவந்துள்ளன. ஆயின் ஆழ்ந்து நோக்குமிடத்து, வழிபடுவோர் யாவர், அவர்தம் பெயராற் குரலெழுப்பும் உரிமை யாருக்கு உண்டு என்னும் சமூக வினாவொன்று அதனுள்ளே அடங்கியிருப்பதைக் காணலாம். தமிழ்க் கிறிஸ்தவத்தின் வரலாற்றில் இவ்வினா பலமுறை எழுந்துள்ளது. ஒவ்வொரு முறையும் ‘மரபு’ என்னும் சொல்லே அதற்கு விடையாகக் கூறப்பட்டுள்ளது. அச்சொல் எதனைச் சுட்டுகின்றது என்பது தெளிவாக்கப்படாதவரை விடையும் தெளிவுறப் போவதில்லை.

கரவெட்டி போன்றதோர் ஊரை மனத்திற்கொண்டு இவ்வினாவை ஆராய்வது பயனுடைத்து. வடமராட்சியின் நெல்லியடியை அடுத்துள்ள இவ்வூர் பெரும்பான்மையும் சைவச் சூழல் கொண்டது. திரு இருதயக் கல்லூரி என்னும் பாடசாலைப் பெயர் இங்கு நிகழ்ந்த கிறிஸ்தவ முயற்சியின் சுவடாக உள்ளது. சில மைல் தொலைவிலுள்ள பருத்தித்துறையில் 1838இல் வெஸ்லியன் மிஷனைச் சார்ந்த பீற்றர் பேர்சிவல் நிறுவிய பாடசாலையே இன்று ஹாட்லிக் கல்லூரியாக விளங்குகின்றது. இத்தகைய சூழலில் வளரும் ஒரு கிறிஸ்தவப் பிள்ளையின் செவியைப் பயிற்றுவன தேவாலயப் பாடல்கள் மட்டுமல்ல. கோயில் வீதியின் நாதசுரமும் தவிலும், பூசை முடிவில் ஓதப்படும் பஞ்சபுராணமும், கந்தபுராண படனமும், கூத்துக் களரியின் மத்தள ஒலியும் அச்செவியுட் புகுந்தவண்ணமே உள்ளன. அப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமையில் தேவாலயத்துட் சென்று நிற்கும்போது, அங்கு ‘மரபுவழிப் பாடகர் குழு’ எனப்படுவது எந்த மரபுக்கு உரியது? இவ்விடத்திலிருந்தே ஆராய்ச்சி தொடங்கவேண்டும்.

பாடகர் குழு என்றவுடன் மனக்கண்முன் வருவது, வெள்ளை மேலங்கி அணிந்து, பலிபீடத்தின் அருகில் இருபுறமும் நின்று, ஓர்கன் இசைக்க நாற்குரலிற் பாடும் குழுவாகும். இங்கிலாந்துத் திருச்சபையின் தொன்மையான அமைப்பாக இது கருதப்படுவதுண்டு. உண்மையில் அந்நாட்டின் சாதாரணக் கிராமத் தேவாலயங்களில் இவ்வமைப்புப் பரவியது 19ஆம் நூற்றாண்டிலேயாகும். அதற்கு முன்னர் ஊர்த் தொழிலாளரும் கைவினைஞரும் பிடில் முதலிய கருவிகளுடன் மேற்குப்புற மாடத்திலிருந்து பாடிவந்தனர். புதிதாக வந்த ஓர்கன் இத்தகைய கிராமத்துக் குழுவொன்றை வெளியேற்றிய கதையையே தோமஸ் ஹார்டி 1872இல் வெளியிட்ட ‘அண்டர் த கிரீன்வுட் ட்ரீ’ என்னும் நாவலிற் சித்திரித்தார். ஆகவே, யாழ்ப்பாணத்திற் பழமையெனப் போற்றப்பட்டது, அதன் தாயகத்திலேயே ஒரு பழமையை அகற்றிவிட்டு வந்த புதுமையாகும்.

பாடகருக்கும் சபைக்கும் இடையிலான இழுபறி இதனினும் பழையது. 4ஆம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவிற் கூடிய சங்கம், நியமனம் பெற்ற பாடகரன்றிப் பிறர் தேவாலயத்திற் பாடலாகாதென விதித்தது. 16ஆம் நூற்றாண்டில் லூதர் சபையார் அனைவரும் தத்தம் மொழியிற் பாடுவதற்கான பாட்டுகளை உருவாக்கினார். அதே நூற்றாண்டிற் கத்தோலிக்கத் திருச்சபையினுள்ளும், பல குரல்கள் பின்னிப்பிணைந்த இசையிற் சொற்பொருள் மறைந்துபோகின்றது என்னும் குறை எழுந்தது. பயின்றோரின் திறனுக்கும் பயிலாதோரின் பங்கேற்புக்கும் இடையிலான சமநிலை எக்காலத்தும் ஒரே வகையாக இருந்ததில்லை என்பதே இவற்றாற் பெறப்படும்.

தமிழ்நாட்டில் இச்சிக்கல் வேறொரு வடிவில் தோன்றியது. 1706இல் தரங்கம்பாடியிற் கால்வைத்த சீகன்பால்குவும் அவர்வழி வந்த லூதரன் மிஷனரிமாரும் சபையார் அனைவரும் பாடவேண்டும் என்னும் கொள்கை உடையோர். ஆயின் அவர்கள் பாடக் கொடுத்தவை ஜேர்மானிய மெட்டுகளில் அமைந்த தமிழ்ச் சொற்களாகும். மெட்டுக்கு ஏற்பச் சொல் முறிக்கப்பட்டது. தமிழ் யாப்பின் அசையும் சீரும் அங்கு இடர்ப்பட்டன. சபையார் பாடினர் என்பது உண்மை. அவர்கள் தம் குரலிற் பாடினரா என்பதே ஐயத்துக்குரியது.

இவ்விடரைத் தீர்த்தவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் கல்வி பயின்றவரும், இரண்டாம் சரபோஜி மன்னரின் காலத்துத் தஞ்சையின் இசைச் சூழலில் வாழ்ந்தவருமாகிய அவர், பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை வடிவத்தையும் குறவஞ்சி முதலிய பிரபந்த வடிவங்களையும் கிறிஸ்தவப் பொருளுக்கு ஏற்புடையன ஆக்கினார். 1820களிற் புதிதாக வந்த மிஷனரிமார் சபையின் நடைமுறைகளை மாற்ற முற்பட்டபோது, அவர்கள் இழைத்த நான்கு கொடுமைகள் எனத் தாம் கருதியவற்றை அவர் எழுத்தில் முறையிட்டார். வழக்கிலிருந்த வேத மொழிபெயர்ப்பை மாற்றியமை, விழாக்களிலும் சடங்குகளிலும் பூக்களை விலக்கியமை, தமிழிசையை வழிபாட்டினின்றும் அகற்றியமை ஆகிய மூன்றும் அவற்றுள் அடங்கும். நான்காவது, வெவ்வேறு சாதியாரைத் தேவாலயத்தில் ஒன்றாக அமரவைத்தமை.

தமிழ்க் கிறிஸ்தவ இசையைப் புகழ்ந்து எழுதுவோர் முதன் மூன்றையும் விரித்துரைத்து நான்காவதை விட்டுவிடும் வழக்கமுண்டு. அது நேர்மையான திறனாய்வாகாது. சாஸ்திரியாரின் முறையீட்டிற் பாட்டும் பந்தியும் ஒரே மரபின் இரு கூறுகளாகவே நிற்கின்றன. தம் மக்களின் இசையை அந்நியர் பறிப்பதை எதிர்த்த அதே குரல், தம் மக்களுள்ளே ஒரு பகுதியினர் அருகில் அமர்வதையும் எதிர்த்தது. அவருடைய பாடல்களின் சிறப்பை இது குறைத்துவிடாது. ஆயின் மரபு என்பதற்காகவே ஒன்றை ஏற்பதும், சுதேசியம் என்பதற்காகவே ஒன்றைப் போற்றுவதும் எத்துணை அபாயம் உடையன என்பதை இது உணர்த்துகின்றது.

வடமராட்சி வாசகனுக்கு இவ்வுண்மை அந்நியமானதன்று. கல்வி மறுக்கப்பட்டோருக்காகத் தேவரையாளியிற் சூரன் என்பார் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு சைவப் பாடசாலையை நிறுவவேண்டியிருந்த மண் இது. கோயில் வாயில்கள் எல்லோர்க்கும் திறக்கப்படவேண்டும் என 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்த போராட்டங்களும் நினைவிற்குரியன. யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களும் இந்நோய்க்கு விலக்காக இருந்தனவல்ல. எனவே, பாடகர் குழுவிற் சேர்க்கப்படுவோர் யாவர் என்னும் வினா, குரல்வளம் பற்றியதாக மட்டும் இருந்ததில்லை. பாடகர் குழுவைக் காக்கவேண்டும் என்போர், அதன் வாயில் எத்துணை அகலமானது என்பதற்கும் விடை கூறக் கடமைப்பட்டவராவர்.

மிஷனரிமாரை ஒருமுகமாகக் குறைகூறுவதும் வரலாற்றுக்குப் பொருந்தாது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிலிருந்து சென்றோரே 1834இல் மதுரை மிஷனைத் தொடங்கினர். அம்மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் என்பவர் சாஸ்திரியாரின் பாடல்களின் ஆற்றலை உணர்ந்து, 1853இற் கிறிஸ்தவ கீர்த்தனைகளைத் தொகுத்துப் பொது வழிபாட்டுக்கென அச்சிற் கொணர்ந்தார். தஞ்சையில் ஒரு தலைமுறைக்கு முன் வெளியே தள்ளப்பட்ட இசை, மற்றுமோர் அந்நியரின் கையாலேயே தேவாலயத்துள் மீண்டும் அழைத்துவரப்பட்டது. இங்கு சுதேசி, விதேசி என்னும் பாகுபாடு தீர்ப்புக்கு உதவவில்லை. எந்த இசை சபையின் வாயைத் திறக்கின்றது என்பதே வெப் கண்ட அளவுகோலாகும்.

இவ்வளவுகோலைக் கொண்டு கீர்த்தனையின் அமைப்பை ஆராயும்போது, பாடகர் குழுவின் இடம் எது என்பதற்கான விடை அவ்வடிவத்திலேயே பொதிந்திருப்பது புலனாகும். பல்லவி சிறியது. மீண்டும் மீண்டும் வருவது. ஒருமுறை கேட்டோர் மறுமுறை பாடக்கூடியது. சரணங்களோ நீண்டவை. கதையும் கருத்தும் அவற்றிலேயே விரியும். சரணத்தைப் பயின்ற குரல்கள் எடுத்துச்செல்ல, பல்லவியில் அனைவரும் வந்து கூடுதல் இவ்வடிவத்தின் இயல்பு. எழுத்தறியாத முதியவளும், புத்தகம் வாங்க இயலாத கூலியாளும் பல்லவியிற் பங்குடையர். இங்குப் பாடகர் குழு சபைக்குப் பதிலாகப் பாடுவதில்லை. சபை எவ்விடத்திற் சேரவேண்டும் என்பதைக் காட்டிச் செல்கின்றது.

கூத்து மரபிலும் இதற்கு ஒப்பான அமைப்பு உண்டு. அண்ணாவியார் மத்தளத்துடன் நடத்த, கூத்தன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடுவர். பிற்பாட்டுக்காரர் களரியின் நாயகரல்லர். ஆயினும் அவரின்றிக் கூத்தனின் குரல் தளர்ந்துவிடும். 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நாட்டுக்கூத்தை நவீன மேடைக்குக் கொணர்ந்தபோது, விடிய விடிய ஆடப்பட்ட கூத்து இரண்டொரு மணித்தியாலத்துக்குச் சுருக்கப்பட்டது. ஆயினும் ஆட்டமும் பாட்டும் பிற்பாட்டும் இணையும் அடிப்படை உறவு கைவிடப்படவில்லை. எதைக் குறைத்தாலும் உறவு குலையாது, எதைக் குறைத்தால் உறவு குலையும் என்பதை அறிந்து செய்யப்பட்ட மாற்றம் அது. வழிபாட்டைப் புதுக்க முனைவோர்க்கு அதில் ஒரு பாடம் உண்டு.

இவ்வாறு கூறுவதால், எல்லோரும் எப்போதும் பாடிக்கொண்டே இருத்தல் வேண்டும் என்பது கருத்தன்று. கேட்டலும் வழிபாடேயாகும். இதனைத் தமிழரின் சமய வாழ்வு நன்கறியும். பூசை வேளையில் ஒருவர் பஞ்சபுராணம் ஓத, ஏனையோர் கைகூப்பி நிற்பர். புராணபடனத்தில் ஒருவர் செய்யுளை இராகத்துடன் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, அவை கேட்டிருக்கும். கேட்டிருப்போர் வாளாவிருப்பவராக எவராலும் கருதப்படுவதில்லை. கத்தோலிக்க மரபிலும் இத்தகையதொன்று உண்டு. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1705இல் இலங்கை வந்த கோவைத் தீவுக் குருவாகிய யாக்கோமே கொன்சால்வெஸ் (1676–1742) தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை எழுதினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்திற் பயின்ற குரல்களால் இழுத்த சோக இராகத்தில் வாசிக்கப்பட்டு வந்துள்ளது. அவ்வேளையிற் சபை கேட்கின்றது, கண்ணீர் விடுகின்றது, செபத்தால் விடையிறுக்கின்றது. சாவீட்டின் ஒப்பாரியை அறிந்த செவிக்கு அவ்விசை விளக்கம் வேண்டாது விளங்கும். குருமார் அரிதாகவே வரக்கூடிய காலங்களில் நம்பிக்கையைக் காத்த பொதுநிலையினரின் குரல்களுள் இதுவும் ஒன்றாகும்.

ஆகவே தமிழ்த் தேவாலயத்திற் ‘மரபுவழிப் பாடகர்’ என்போர் ஒரு வகையினர் அல்லர். மேலங்கி அணிந்த நாற்குரற் குழு ஒன்று. கீர்த்தனையைத் தொடங்கி நடத்தும் குழு மற்றொன்று. வியாகுலப் பிரசங்கம் வாசிப்போர் பிறிதொன்று. இவற்றுள் முதலாவதையே ‘கொயர்’ என்னும் பெயராற் குறித்து, ஏனைய இரண்டையும் ‘நாட்டு வழக்கம்’ என ஒதுக்கியமை யாழ்ப்பாணத்துப் படித்த கிறிஸ்தவர் இழைத்த தவறாகும். நாற்குரல் இசைக்கும் தமிழிசைக்கும் இடையில் இசையியல் நோக்கில் உண்மையானதொரு முரண் உண்டு. நாற்குரலில் ஒவ்வொரு சுரமும் ஏனைய மூன்றுடன் இயைந்து அசையாது நிற்றல் வேண்டும். இராகத்திலோ சுரம் கமகத்தால் அசைவதே அதன் உயிர். ஓர் இராகத்தில் அமைந்த கீர்த்தனையை நாற்குரலுக்குப் பிரிக்குமிடத்து இராகம் வெறும் மெட்டாகிவிடுகின்றது. 1917இற் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் தாமும் கிறிஸ்தவரே. தமிழிசையின் சுருதி நுட்பங்களை ஆராய்வதிற் காலத்தைச் செலவிட்ட அவர்போன்றோரின் உழைப்பு, தேவாலயப் பாடகரின் பயிற்சியை வந்தடையவில்லை என்பது வருந்தற்குரியது. இதற்காக நாற்குரல் இசையை விலக்கவேண்டும் என்பதில்லை. அதற்கென அமைந்த பாட்டுகளில் அது நிற்கலாம். கீர்த்தனையின் மீது அதனை ஏற்றுதலே பிழை.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரு பெருந் திருச்சபைப் பிரிவுகளிலும் மாற்றங்கள் நிகழ்ந்தன. 1939இற் சுன்னாகத்தில் தோன்றிய கிறிஸ்து சேவ ஆச்சிரமம் ஆச்சிரம முறையில் வழிபாட்டைத் தமிழ்ப் பண்பாட்டுடன் இணைக்க முயன்றது. கத்தோலிக்கருள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம் இலத்தீனுக்கு அப்பால் மக்கள் மொழிகளுக்கு வழிதிறந்தது. அச்சாசனம் பாடகர் குழுக்களை ஊக்கத்துடன் வளர்க்கவேண்டும் என்றது. மக்களின் பங்கேற்பையும் அதே இடத்தில் வற்புறுத்தியது. அந்தந்த நாட்டு மக்களின் இசைமரபுக்கு உரிய மதிப்பை அளிக்குமாறும் பணித்தது. 1967இல் வெளிவந்த இசை பற்றிய ஏட்டில், மக்களை முற்றாக விலக்கிப் பாடல் முழுவதையும் குழுவிடமே ஒப்படைக்கும் வழக்கம் ஏற்கத்தக்கதன்று என வெளிப்படையாகவே கூறப்பட்டது. இவற்றைச் சேர்த்து வாசிப்போர், சங்கம் பாடகர் குழுவை ஒழிக்கவில்லை, அதன் பணியையே மாற்றியது என்பதை உணர்வர். 1965இல் மரியசேவியர் அடிகள் யாழ்ப்பாணத்தில் தொடக்கிய திருமறைக் கலாமன்றம் கூத்தையும் இசையையும் திருப்பாடுகளின் நாடகத்தையும் ஒன்றிணைத்தமை, அப்புதிய காற்று இம்மண்ணில் வீசியமைக்குச் சான்று.

ஆயினும் நடைமுறையில் நிகழ்ந்தது வேறு. பழைய குழு கலைந்த இடத்திற் சபையின் குரல் வந்து நிறையும் என எதிர்பார்க்கப்பட்டது. பல தேவாலயங்களில் அவ்விடத்தை ஒலிவாங்கி நிறைத்தது. நான்கைந்து இளைஞரும் ஒரு மின்னிசைப் பலகையும் ஒலிபெருக்கிகளும் போதுமாயின. சினிமா மெட்டின் சாயலுடைய புதிய பாட்டுகள் வாரந்தோறும் வந்தன. இப்பாட்டுகளின் மெட்டை இழித்துரைப்பது எளிது. குறை அதிலன்று. மின்னிசைப் பலகையில் முன்கூட்டியே பதியப்பட்ட தாளம் எவருக்காகவும் காத்திராது. முதியோர் மூச்செடுக்கும் இடத்தில் மிருதங்கக்காரர் தாமதிப்பார். இயந்திரம் தாமதிப்பதில்லை. ஒலிபெருக்கியின் ஓசையில், பக்கத்தில் நிற்பவரின் குரலும் தன் குரலும் ஒருவருக்குக் கேட்பதில்லை. தன் குரல் தனக்கே கேளாதவிடத்து மனிதர் பாடுவதை நிறுத்திவிடுகின்றனர். மேலங்கிக் குழுவின் காலத்தில் மரியாதையால் மௌனமாயிருந்த சபை, இப்போது ஓசையால் மௌனமாக்கப்பட்டுள்ளது. புதுமையின் பெயரால் வந்த மாற்றம், தான் கண்டித்த பழைய குறையையே வேறு கருவிகொண்டு மீட்டெடுத்துள்ளது எனலாம்.

இம்மாற்றத்துக்கு வெறும் நாகரிக மோகத்தைக் காரணமாகக் கூறுதல் போரைக் கண்ட ஒரு பிரதேசத்துக்கு நீதி செய்வதாகாது. பாடகர் குழு என்பது வாரந்தோறும் கூடிப் பயின்று, மூத்தோரிடமிருந்து இளையோர் கேட்டுக் கற்று, ஒரு தலைமுறைக்காலத்தில் உருவாகும் அமைப்பு. 1987 மே, ஜூன் மாதங்களின் வடமராட்சி இராணுவ நடவடிக்கை, 1995 ஒக்ரோபரின் வலிகாமப் பெரும் இடப்பெயர்வு, இடையறாத புலப்பெயர்வு ஆகியவை அத்தொடர்ச்சியை அறுத்தன. தாழ்குரலிற் பாடியவர் கனடாவிலும், ஆர்மோனியம் வாசித்தவர் பாரிசிலும், கீர்த்தனையின் சரணங்களை மனப்பாடமாக அறிந்தவர் இடுகாட்டிலும் இருக்கையில், எஞ்சிய இரண்டொரு இளைஞருக்கு இயந்திரத்தின் துணை தேவைப்பட்டமை வியப்பன்று. அவர்களைப் பழித்தல் தகாது. ஆயின் தேவை கருதி வந்த ஊன்றுகோல் கால் குணமான பின்னும் நிலைத்துவிடலாகாது.

புலம்பெயர்ந்த நாடுகளின் தமிழ்ச் சபைகள் இதற்கு மற்றொரு கோணத்தைக் காட்டுகின்றன. அங்கு தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் பாடும் பிள்ளைகள் பலர். அவர்களிற் சிலருக்கு வாரத்தில் ஒருமுறையேனும் தமிழ்ச் சொற்களை வாய்விட்டுச் சொல்லும் இடமாகப் பாடகர் குழுவே உள்ளது. பொருள் முழுதும் விளங்காவிடினும், பல்லவி அவர்களின் நாவில் ஏறிவிடுகின்றது. தரங்கம்பாடியின் தொடக்ககால விசுவாசிகள் ஜேர்மானிய மெட்டில் தம் மொழியைப் பாடினர். இப்பிள்ளைகள் தமிழ் மெட்டிலே தமக்கு அரைகுறையாகத் தெரிந்த மொழியைப் பாடுகின்றனர். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலான இடைவெளியில் நிலைமை தலைகீழாகியுள்ளது. இரு சூழலிலும் பாட்டு மொழிக்கு முந்திச்செல்கின்றது. பாடகர் குழு ஓர் இசைக் குழுவாக மட்டுமன்றி ஒரு மொழிப் பள்ளியாகவும் இயங்கவல்லது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

தொகுத்து நோக்குமிடத்து, பாடகர் குழுவின் இடத்தை அதன் பழமையோ அதன் பிறப்பிடமோ தீர்மானிக்கமுடியாது என்பது தெளிவாகும். பழமை என்னும் வாதம் இங்கிலாந்தின் 19ஆம் நூற்றாண்டுப் புதுமையைத் தொன்மையாகக் காட்டுகின்றது. சுதேசியம் என்னும் வாதம் தஞ்சையின் இசையோடு அதன் சாதிப் பந்தியையும் சேர்த்தே கொண்டுவர வல்லது. பங்கேற்பு என்னும் வாதமும் ஒலிபெருக்கியின் கையில் அகப்பட்டுத் தன் நோக்கத்துக்கே எதிராகிவிட்டது. எஞ்சுவது குழுவுக்கும் சபைக்கும் உள்ள உறவு ஒன்றே. சரணத்தில் முன்நின்று பல்லவியிற் சபையோடு கலப்பதும், தவக்காலத்திற் சபைக்காகப் புலம்புவதும், விழாநாளிற் பயின்ற அரியதொரு பாட்டைச் சபை கேட்கப் பாடுவதும் பாடகர் குழுவுக்கு உரியன. குரல் உள்ளோரை ஊரின் எத்தெருவிலிருந்தும் சேர்த்துக்கொள்வதும் அதற்குரியதே.

கரவெட்டி போன்ற ஊரின் சிறிய தேவாலயத்துக்கு ஓர்கனோ நாற்குரலுக்குப் போதிய ஆட்களோ வாய்ப்பது அரிது. அது ஒரு குறையன்று. ஒரு மிருதங்கம், சுருதிக்கு ஓர் ஆர்மோனியம், பத்துக் கீர்த்தனைகளை நன்கறிந்த ஆறேழு பேர், அவர்களுக்கு வாரத்தில் ஒரு மாலைப் பயிற்சி ஆகியவை கைக்கெட்டாதனவல்ல. அக்குழு தன் பணியைச் செய்கின்றதா என்பதை அறிவதற்கும் இசைப் புலமை வேண்டியதில்லை. கீர்த்தனையொன்றின் நடுவே, பல்லவி வருமிடத்திற் குழுவினர் தம் குரலை நிறுத்திப் பார்க்கலாம். பாட்டும் அங்கு நின்றுவிடுமாயின், குழு இதுவரை சபைக்குப் பதிலாகவே பாடிவந்துள்ளது என்பது பெறப்படும். பின்வரிசையில் நிற்கும் முதியவளின் குரலோடு பாட்டுத் தொடருமாயின், அக்குழு தனக்குரிய இடத்திலேயே நிற்கின்றது.